சுண்ணாம்புக் கோட்டின் அகலம்

குறுவட்டப் போட்டிகளில் ஸ்டாப்வாட்ச் பிடிக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

குறுவட்டப் போட்டிகளுக்கு நாள் நெருங்குகிறது. இந்நேரம் மைதானத்தில் புல் செதுக்கியாகியிருக்கும். கயிறு பிடித்து, சுண்ணாம்புப் பொடி தூவி, ஓடுபாதைக்குக் கோடு போட்டுக்கொண்டிருப்பீர்கள். போன வருஷம் பீரோவுக்குள் வைத்த ஸ்டாப்வாட்ச் உயிரோடு இருக்கிறதா என்று ஒருமுறை அமுக்கிப் பார்த்திருப்பீர்கள். இருபத்தெட்டு வருஷம் நானும் இதைத்தான் செய்தேன். முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் பெஞ்சு மேல் பெஞ்சு போட்டு ஏறி நின்று, வெயிலில் கண்ணைச் சுருக்கி, கட்டை விரலை வாட்ச் மேல் வைத்துக் காத்திருந்தவன். இப்போது ஓய்வு.

ஓய்வில் இருப்பவன் அறிவுரை சொல்ல வந்துவிட்டான் என்று மடலை மடித்துவிடாதீர்கள். ஒரு பின்லாந்துக்காரரின் கதையைச் சொல்லிவிட்டு, உங்களிடம் இரண்டே இரண்டு காரியம் கேட்கப்போகிறேன்.

அவர் பெயர் யுஹா மியெட்டோ. கிராஸ்-கன்ட்ரி ஸ்கீயிங் வீரர். டி.வி.யில் மலைச்சரிவில் சர்ரென்று வழுக்கி இறங்குவார்களே, அது வேறு விளையாட்டு. இதில் ஏற்றம், இறக்கம், சமவெளி மூன்றும் உண்டு. காலில் நீளமான மெல்லிய பட்டை, இரண்டு கையிலும் கோல். 15, 30, 50 கிலோமீட்டர் என்று பனியில் தன் உடம்பைத் தானே தள்ளிக்கொண்டு போக வேண்டும். நெடுந்தூரம் ஓடுகிறவன் ஓடிக்கொண்டே துடுப்பும் போடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி புரிந்த மாதிரி.

மீதிப் பாதி, பட்டையின் அடியில் பூசும் மெழுகில் இருக்கிறது. அழுத்தி மிதித்தால் பட்டை பனியைக் கவ்வ வேண்டும். மிதியைத் தளர்த்தினால் வழுக்க வேண்டும். எதிரெதிரான இரண்டு வேலையையும் ஒரே பட்டை செய்தாக வேண்டும். வெயில் கொஞ்சம் ஏறிப் பனி இளகினால், காலையில் பார்த்துப் பார்த்துப் பூசிய மெழுகு கைவிட்டுவிடும். பயிற்சி, மூச்சு, மன உறுதி எல்லாம் சரியாக இருந்தும் மெழுகில் தோற்றவர்கள் அந்த விளையாட்டில் ஏராளம்.

மியெட்டோ 1949இல் பிறந்தவர். பின்லாந்தின் மேற்கே, குரிக்கா என்ற ஊர்ப்பக்கம். உயரம் 196 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஆறரை அடி. எடை நூறு கிலோவை ஒட்டி. முகம் நிறையத் தாடி. இப்படியொரு பையன் ஒன்பதாம் வகுப்பில் நம்மிடம் வந்து நின்றிருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? யோசிக்காமல் கையில் இரும்புக் குண்டைக் கொடுத்து, "வட்டத்துக்குள்ள போய் நில்லுடா" என்றிருப்போம். நூறு கிலோவை ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு போகும் நெடுந்தூர வீரனை நம் கண் அவனிடத்தில் கண்டிருக்காது. அங்கே யாரோ கண்டார்கள், அல்லது அவரே பிடிவாதமாக நின்றார்.

முதல் அடி 1972இல் விழுந்தது. ஜப்பானின் சப்போரோவில் குளிர்கால ஒலிம்பிக்ஸ், 15 கிலோமீட்டர். மியெட்டோவுக்கு வயது 22. இந்தப் போட்டியில் எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து ஒன்றாகப் புறப்படுவதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒருவர் கிளம்பி, சிறிது இடைவெளி விட்டு அடுத்தவர் கிளம்புவார். ஆளாளுக்குத் தனி நேரக் கணக்கு. முடிவில் யாருடைய நேரம் குறைவோ அவருக்குத் தங்கம். நார்வேயின் இவார் ஃபோர்மோ 46 நிமிடம் 2.68 விநாடியில் வந்து வெண்கலம் வாங்கினார். மியெட்டோ வந்தது 46 நிமிடம் 2.74 விநாடியில். நாலாமிடம். 0.06 விநாடி வித்தியாசம்.

அவர் வந்த வேகத்துக்குக் கணக்குப் போட்டால் அது 33 சென்டிமீட்டர். நம் பிள்ளைகள் கோடு போடும் நீள ஸ்கேல் ஒன்றைவிடச் சற்று அதிகம். 15 கிலோமீட்டர் போய், ஒரு ஸ்கேல் அளவில் பதக்கம் போனது.

நாலு வருஷம் கழித்து இன்ஸ்ப்ரூக்கில் தொடர் ஓட்டம் மாதிரியான 4×10 கிலோமீட்டர் போட்டியில் பின்லாந்து தங்கம் வென்றது. அந்த நால்வரில் மியெட்டோவும் ஒருவர். ஆனால் தனிநபர் போட்டியில் அவருக்கு ஒலிம்பிக்ஸ் பதக்கம் இன்னும் வரவில்லை. அப்படியே 1980 வந்தது. அமெரிக்காவின் லேக் பிளாசிட். பிப்ரவரி 17. மறுபடியும் அதே 15 கிலோமீட்டர்.

மியெட்டோவின் நேரம் 41 நிமிடம் 57.64 விநாடி. ஸ்வீடனின் தாமஸ் வாஸ்பெர்க், 23 வயது இளைஞர், அவருடைய நேரம் 41 நிமிடம் 57.63 விநாடி.

இரண்டையும் இன்னொரு முறை படியுங்கள். நூறில் ஒரு பங்கு விநாடி. மூன்றாவதாக வந்த நார்வேக்காரர் இவர்களுக்கு அரை நிமிடம் பின்னால். இவர்கள் இருவருக்கும் நடுவில் மட்டும் 0.01. வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் 6 சென்டிமீட்டர்.

நமக்கு 6 சென்டிமீட்டர் என்றால் என்ன தெரியுமா? தடகள விதிப்படி ஓடுபாதையில் நாம் போடும் கோட்டின் அகலம் 5 சென்டிமீட்டர். முடிவுக்கோடும் அதே அகலம்தான். சுண்ணாம்புப் பொடியைக் கையால் தூவும்போது நம்முடைய கோடு அதைவிட அகலமாகவே விழும். கொஞ்சம் காற்றடித்தால் ஒரு சாண் ஆகிவிடும். நம் மைதானத்தில் மியெட்டோ தங்கத்தைத் தோற்றிருந்தால், கோட்டுக்குள்ளேயே தோற்றிருப்பார்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நூறு மீட்டர் ஓட்டத்தில் பக்கத்து லேனில் ஆள் தெரிகிறான். கடைசி நொடியில் மார்பை முன்னால் தள்ளலாம். மியெட்டோவுக்கு அப்படித் தள்ளப் பக்கத்தில் ஆள் இல்லை. வாஸ்பெர்க் பாதையில் வேறெங்கோ இருந்தார். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பனிமீது போகவும் இல்லை. முன்னால் போனவர்களின் பட்டைகள் தடத்தைத் தேய்த்து மெருகேற்றியிருக்கும். ஒருவருக்கு அடித்த எதிர்காற்று இன்னொருவருக்கு அடித்திருக்காது. இத்தனையும் கலந்து கிடந்த 42 நிமிடத்தில் 0.01 விநாடியைப் பிரித்தெடுத்து, இதோ இந்த ஆள்தான் மேல் என்று கருவி சொன்னது. கருவி பழுதில்லை. அது அளந்த அளவுக்கு அங்கே இருவருக்கும் நடுவில் வித்தியாசம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

தங்கம் வாங்கியவருக்கே அந்தக் கேள்வி வந்திருக்கிறது. இரண்டு பதக்கங்களையும் வெட்டி, பாதி தங்கம் பாதி வெள்ளியாக ஒட்டி ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம் என்று வாஸ்பெர்க் சொன்னதாக அந்த விளையாட்டு உலகில் இன்றும் சொல்வார்கள். நடக்கவில்லை. ஆனாலும் ஜெயித்தவன் வாயிலிருந்து அப்படியொரு பேச்சு வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஸ்வீடன்காரர் மேல் மரியாதை கூடும்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஊர், பள்ளி எதுவும் வேண்டாம். பெண்கள் 800 மீட்டர். முதலாவதாக வந்த பிள்ளை தெளிவாக வந்துவிட்டாள். இரண்டாமிடத்துக்கு இரண்டு பேர், தோளோடு தோள். முதல் இரண்டு இடத்துக்குத்தான் அடுத்த சுற்றான வருவாய் மாவட்டப் போட்டி. பெஞ்சு மேல் நின்ற என் கண்ணுக்கு மஞ்சள் பனியன் முன்னால். எனக்குப் பக்கத்தில் நின்றவர் கண்ணுக்கு நீலம். இரண்டு வாட்சும் காட்டியது கிட்டத்தட்ட ஒரே நேரம். மேஜையிலிருந்து குரல் வந்தது: "யாராவது ஒரு பேரைச் சொல்லுங்க சார், சாப்பாட்டுக்கு நேரமாச்சு." நான் சீனியர். மஞ்சளைக் காட்டினேன். எழுதிவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து நீலப் பனியன் என்னிடம் வந்தாள். அழவில்லை. சண்டையும் போடவில்லை. "எவ்வளவு சார் வித்தியாசம்?" என்று மட்டும் கேட்டாள். "கொஞ்சம்தாம்மா" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். என்னிடம் சொல்ல ஓர் எண் இருக்கவில்லை. வித்தியாசம் என்று ஒன்று இருந்ததா என்றே எனக்குத் தெரியாது. அவள் அந்த வருஷத்தோடு ஓடுவதை நிறுத்திவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் காட்டிய விரல்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். காரணம் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

லேக் பிளாசிட்டுக்குத் திரும்புவோம். அந்த 0.01ஐ விட எனக்குப் பெரிதாகப் படுவது ஆறு நாள் கழித்து நடந்தது. பிப்ரவரி 23, 50 கிலோமீட்டர் போட்டி. சோவியத் யூனியனின் நிக்கொலாய் சிம்யாத்தொவ் 2 மணி 27 நிமிடம் 24.60 விநாடியில் முதலாவது. மியெட்டோ 2 மணி 30 நிமிடம் 20.52 விநாடி. மறுபடியும் வெள்ளி. இந்த முறை வித்தியாசம் ஏறக்குறைய மூன்று நிமிடம்; தூரமாகச் சொன்னால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

ஒரே ஆள், ஒரே ஒலிம்பிக்ஸ், ஒரே நிறத்தில் இரண்டு பதக்கம். ஒன்று 6 சென்டிமீட்டரில் தவறியது, மற்றொன்று ஒரு கிலோமீட்டரில். பதக்கப் பட்டியலில் இரண்டுக்கும் நேராக "2" என்றுதான் இருக்கும். இடத்தின் எண் எவ்வளவு பொய் சொல்லும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என் வாழ்நாளில் கிடைக்கவில்லை. அந்த 1979-80 பருவம் முழுவதையும் கூட்டிப் பார்த்த உலகக் கோப்பைப் புள்ளிப் பட்டியலில் முதலிடம் யாருக்குத் தெரியுமா? மியெட்டோவுக்கு. அப்போது அந்தக் கோப்பை முழு அங்கீகாரம் பெற்றிருக்கவில்லை. அதனால் அதை இன்று யாரும் நினைவு வைத்திருப்பதில்லை. 0.01 மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

இதிலிருந்து அந்த விளையாட்டு ஒரு பாடம் கற்றுக்கொண்டது. தனித்தனியாகப் புறப்படும் நெடுந்தூரப் போட்டிகளில் இனி நூறில் ஒரு பங்கு வேண்டாம், பத்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். கவனியுங்கள்: கருவிகள் மேலும் மேலும் நுணுக்கமாகிக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் வேண்டுமென்றே அளவைப் பெரிதாக்கினார்கள்.

நீச்சல்காரர்கள் அதற்கு முன்பே இந்த வழியில் போனவர்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸில் 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் ஸ்வீடனின் குன்னார் லார்சனும் அமெரிக்காவின் டிம் மக்கீயும் நூறில் ஒரு பங்கு வரை ஒரே நேரம். ஆயிரத்தில் ஒரு பங்கைப் பார்த்து, 0.002 விநாடியில் தங்கத்தை லார்சனுக்குக் கொடுத்தார்கள். பிறகு யோசித்தார்கள். நீச்சல் குளத்தின் ஒரு லேனுக்கும் அடுத்த லேனுக்கும் கட்டுமானத்திலேயே அதைவிட அதிக நீள வித்தியாசம் வரலாமே? கொத்தனார் பூசிய சிமென்ட்டின் கனத்துக்கா பதக்கம் கொடுப்பது? நூறில் ஒரு பங்கோடு நிறுத்தினார்கள். அதனால்தான் 2016 ரியோவில் ஆண்கள் 100 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் மைக்கேல் ஃபெல்ப்ஸ், சாட் லெ க்ளோ, லாஸ்லோ செக் மூவரும் 51.14 விநாடியில் வந்து மூவருமே வெள்ளி வாங்கினார்கள். மேடையில் மூன்று பேர் ஒரே படியில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வானம் இடிந்து விழவில்லை.

பனிச்சறுக்கிலும் 1982இல் ஒரு வேடிக்கை நடந்தது. ஆஸ்லோவில் உலகப் போட்டி, ஆண்கள் 4×10 கிலோமீட்டர். கடைசிக் கட்டத்தில் நார்வேயின் ஓட்வார் ப்ரோவுக்குக் கோல் உடைந்துபோனது. வேறு கோல் கைக்கு வர, சோவியத் வீரர் அலெக்ஸாந்தர் சவ்யாலொவோடு ஒன்றாக முடிவுக்கோட்டைத் தாண்டினார். படத்தை வைத்துப் பார்த்தும் பிரிக்க முடியவில்லை. இரண்டு நாட்டுக்கும் தங்கம் கொடுத்தார்கள். "ப்ரோவின் கோல் உடைந்தபோது நீ எங்கே இருந்தாய்?" என்பது இன்றும் நார்வேயில் ஆளுக்கு ஆள் கேட்டுக்கொள்ளும் கேள்வி. அதே போட்டியில் வெண்கலமும் இரண்டு அணிக்குப் பங்காகப் போனது: கிழக்கு ஜெர்மனிக்கும் பின்லாந்துக்கும். அந்தப் பின்லாந்து அணியில் மியெட்டோவும் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பங்கு போடாத விளையாட்டு, இப்போது அவர் கழுத்திலேயே ஒரு பங்குப் பதக்கத்தைப் போட்டது.

முழுப் பலன் வேறு ஒருவருக்குக் கிடைத்தது. 2018, தென்கொரியாவின் பியோங்சாங். பெண்கள் 10 கிலோமீட்டர். நார்வேயின் மரித் பியோர்கனும் பின்லாந்தின் கிரிஸ்தா பர்மாகோஸ்கியும் 25 நிமிடம் 32.4 விநாடி. இருவருக்கும் வெண்கலம். பியோர்கன் சாதாரண ஆள் இல்லை. அந்த ஒலிம்பிக்ஸ் முடியும்போது அவர் கணக்கில் மொத்தம் 15 பதக்கங்கள். அப்படிப்பட்டவரோடு ஒரே படியில் ஒரு பின்லாந்துப் பெண். பழைய முறையில் நூறில் ஒரு பங்கைத் தோண்டியிருந்தால் இருவரில் ஒருவர் வெறுங்கையோடு போயிருக்கக்கூடும். தோண்டவில்லை. மியெட்டோ கொடுத்த விலைக்கு, முப்பத்தெட்டு வருஷம் கழித்து அவருடைய நாட்டுப் பெண்ணுக்கே சில்லறை திரும்பி வந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இப்போது நம் பெஞ்சுக்கு வருவோம்.

நம் கையிலிருக்கும் ஸ்டாப்வாட்ச் நூறில் ஒரு பங்கு வரை காட்டுகிறது. நம் கட்டை விரலுக்கு அந்தத் திறமை கிடையாது. துப்பாக்கிப் புகையைப் பார்த்து அமுக்குவதிலும், மார்பு கோட்டைத் தொடுவதைப் பார்த்து அமுக்குவதிலும் விரல் தன் இஷ்டத்துக்குத் தாமதிக்கும், சில சமயம் முந்திக்கொள்ளும். விதிகளை எழுதியவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் கையால் எடுத்த நேரத்தை அடுத்த பெரிய பத்தில் ஒரு பங்குக்கு உயர்த்தி எழுதச் சொன்னார்கள். 12.31 என்று வாட்ச் காட்டினால் 12.4. மூன்று வாட்ச் மூன்று விதமாகக் காட்டினால் நடுவில் இருப்பது. இரண்டே வாட்ச் இருந்து இரண்டும் வேறுபட்டால் அதிக நேரம் காட்டுவது. பயிற்சிக் கல்லூரியில் எல்லாரும் படித்ததுதான். ஆனால் எத்தனை மைதானத்தில், எத்தனை தாளில், வாட்ச் காட்டிய நூறில் ஒரு பங்கை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறோம்? நான் எழுதியிருக்கிறேன்.

முதல் வேண்டுகோள் எளிது. முடிவுத் தாளில் இடத்தை எழுதும்போது பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். முதல் மூன்று பேருக்கு மட்டும் போதாது. உங்கள் வாட்சுகள் எத்தனை பேரைப் பிடிக்கின்றனவோ அத்தனை பேருக்கும். சான்றிதழிலும் எழுதுங்கள். "இரண்டாமிடம்" என்று மட்டும் எழுதிய சான்றிதழ், மியெட்டோவின் இரண்டு வெள்ளி மாதிரி வாயை மூடிக்கொண்டிருக்கும். நேரம் எழுதியிருந்தால், ஆறாவதாக வந்த பிள்ளையும் அடுத்த வருஷம் தன்னோடு தானே போட்டி போட ஓர் எண்ணை வீட்டுக்குக் கொண்டுபோவாள்.

இரண்டாவது வேண்டுகோள் கொஞ்சம் கஷ்டம். பிரிக்க முடியாதபோது பிரிக்காதீர்கள். "சமம்" என்று எழுதக் கூச்சப்படாதீர்கள். அடுத்த சுற்றுக்கான கடைசி இடத்தில் சமநிலை வந்தால், முடிந்தவரை இருவரையும் சேர்த்து அனுப்பு, வழியே இல்லையென்றால் சீட்டுக் குலுக்கு என்பதுதான் சர்வதேசத் தடகள விதி. இருவரை அனுப்பினால் ஓடுபாதையில் இடம் நெருக்கும், மேலதிகாரிகள் கேள்வி கேட்பார்கள், படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்காது என்பீர்கள். எல்லாம் உண்மை. கேளுங்கள், எழுதிக் கேளுங்கள், சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். அதுவும் நடக்காவிட்டால் பிள்ளைகள் இருவரையும் பக்கத்தில் நிறுத்தி, "உங்களை எங்களால் பிரிக்க முடியவில்லை, அதனால் சீட்டுப் போடுகிறோம்" என்று சொல்லிவிட்டுச் சீட்டைப் போடுங்கள். சீட்டில் போனால் அதிர்ஷ்டம் இல்லை என்று பிள்ளை எடுத்துக்கொள்வாள். உறுதியாகத் தெரிந்தவர் மாதிரி நாம் விரலைக் காட்டினால், தனக்குத் திறமை இல்லை என்று எடுத்துக்கொள்வாள். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் 6 சென்டிமீட்டர் அல்ல.

மியெட்டோ அதோடு முடிந்துபோய்விடவில்லை. 1984 சரயேவோவில் மறுபடியும் தொடர் போட்டியில் வெண்கலம் வாங்கினார். மொத்தம் ஐந்து ஒலிம்பிக்ஸ் பதக்கங்கள். பின்னாளில் தேர்தலில் நின்று, 2007 முதல் 2011 வரை பின்லாந்து நாடாளுமன்றத்தில் உறுப்பினராக உட்கார்ந்தார். அத்தனைக்குப் பிறகும் அவர் பெயரைச் சொன்னால் அங்கே எல்லாரும் முதலில் சொல்வது அந்த நூறில் ஒரு பங்கைத்தான். அவராவது ஐந்து பதக்கத்தை ஒரு தட்டிலும் 0.01ஐ மறு தட்டிலும் வைத்துப் பார்க்க முடிந்தவர். நம்மிடம் வரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு ஓட்டம். ஒரே ஒரு மத்தியானம்.

அடுத்த மாதம் உங்கள் மைதானத்தில் யாராவது ஒரு பிள்ளை, வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெஞ்சுப் பக்கம் வருவாள். "எவ்வளவு சார் வித்தியாசம்?" என்பாள். அவளிடம் சொல்ல ஓர் எண் உங்கள் தாளில் இருக்கட்டும். எண் இல்லையென்றால், வித்தியாசமே இல்லையம்மா என்று சொல்லும்படி தாளில் எழுதியிருங்கள்.

சுண்ணாம்பைக் கொஞ்சம் மெல்லிசாகவே தூவுங்கள்.

இப்படிக்கு,
பெஞ்சிலிருந்து இறங்கிவிட்ட உங்கள் சக ஆசிரியன்